இறந்தோர் பெயரில் வந்த கார்டுகள்

ஸ்மரான்டா அந்த மின்னஞ்சலை மீண்டும் படித்தாள். மடத்தின் இணையதளத்தில் திருட்டுக் கார்டுகள் பயன்படுத்தப்படுவதாக ஐயம் எழுந்துள்ளது என்றும், ஆய்வு முடியும்வரை பணம் பெறுதல் நிறுத்திவைக்கப்படுகிறது என்றும் கார்டுப் பணத்தை வாங்கிக் கொடுக்கும் பேமென்ட் கேட்வே நிறுவனம் எழுதியிருந்தது. அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமையோ இறந்தோர் நினைவுநாள். அந்த ஒரு நாளைக் கருதியே மலைமேலுள்ள கன்னியர் மடம் அவளிடம் இந்தத் தளத்தைச் செய்யச் சொன்னது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பிழைக்கப் போன ஊர்மக்கள் அங்கிருந்தே தம் இறந்தோருக்கு மெழுகுதிரி ஏற்றச் சொல்லலாம். கார்டில் காணிக்கை செலுத்தலாம்.

நூலாலை மூடப்பட்டபோது அங்கே வேதியியல் ஆய்வாளராக இருந்தவள் ஸ்மரான்டா. அதன்பின் தானே கற்றுக்கொண்டு, பியாத்ரா நேயாம்ட்சு நகரத்துப் பல் மருத்துவருக்கும் டயர்க் கடைக்காரருக்கும் ஆற்றங்கரை விடுதிக்கும் தளங்கள் அமைத்துக் கொடுத்தாள். தளம் செய்தவள் என்பதால் பிரிண்டர் பழுதானாலும் அவளையே அழைப்பார்கள். ஐம்பதைக் கடந்த முதுகு மாலையானால் நாற்காலியை வெறுத்தது. ஆயினும் வந்த வேலையை அவள் மறுத்ததில்லை. மறுப்பதற்கும் சற்றுத் தெம்பு வேண்டியிருந்தது.

கேட்வேயை இணைக்கும் வேலை அவளுடைய குளிர்காலத்தையே தின்றுவிட்டது. வங்கி பணத்தை எடுத்துக்கொள்ளும். எடுத்த செய்தியோ தளத்துக்கு வந்து சேராது. செய்தி வந்த நாளில் இரகசியக் குறியீடு பொருந்தாது. ஒருவழியாக யாவும் பொருந்தியபோது, சோதனைக் கார்டு எதைக் கேட்டாலும் ‘ஆம்’ என்றது. அந்த ‘ஆம்’களை நம்பித்தான் அவள் தளத்தைத் திறந்துவிட்டாள்.

அவள் தொலைபேசியில் அழைத்தபோது நிறுவனத்தின் உதவிப் பிரிவில் ராஸ்வான் என்ற அலுவலர் பேசினார்.

“ஒரே கார்டு மேடம், ஏழு பேரு. கால் மணி நேரத்துக்குள்ள. திருடன்தான் இப்படி ஒவ்வொரு பேரா போட்டுப் பாப்பான்.”

“மடத்துக்கு மெழுகுதிரி வாங்குற திருடனா?”

“திருடனுக்கும் பக்தி இருக்கலாம் மேடம்.”

அவர் வைத்த சிறிது நேரத்தில் மறுபடியும் தொலைபேசி ஒலித்தது. தளத்தின் அடியிலிருந்த எண்ணைப் பார்த்து அழைத்தவள் அவுரிகா. இத்தாலியின் பொலோன்யாவில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையிலிருப்பவள்.

“அக்கா, மெழுகுதிரி விக்கிறது நீங்கதானே? உங்க மிஷினு என் புருஷன வேணாங்குது. மாமியாரையும் தள்ளிடுச்சு. எங்க வீட்டுல செத்த ஏழு பேரையும் போட்டுப் பாத்துட்டேன். உசுரோட இருந்தப்பவே அவர யாரும் சேத்துக்கல, இப்பவுமா?”

“பேருன்னு இருக்குற இடத்துல என்ன போட்டம்மா?”

“அவரு பேருதான். வாசிலே.”

“அது கார்டு வச்சிருக்கிறவங்க பேரு.”

“கார்டு என்னோடதுதான். மெழுகுதிரி அவருக்கு. என் பேரப் போட்டு ஏத்திக்க நான் இன்னும் சாகலியேக்கா.”

ஸ்மரான்டா கண்களை மூடிக்கொண்டாள். தேவாலயத்து மெழுகுதிரி மேசைமுன் நிற்பவர் எவரும் முதலில் காசை நீட்டுவதில்லை. பெயரைச் சொல்வார், சொல்லும்போது குரல் சற்றுத் தாழும், காசு அதன் பிறகே. இறந்தோருக்கான திரியை ஒரு மணல் தட்டிலும், உயிரோடிருப்போர் நலத்துக்கான திரியை மற்றொன்றிலும் ஏற்றுவார். சிறுவயது முதல் அவளும் அவ்வாறே நின்றவள். பக்கங்கள் குறைந்தால் வேலையும் குறையும் என்ற அயர்ச்சியில், யாருக்காக என்ற கேள்வியைப் பணத்துக்குப் பின்னே தள்ளிவிட்டிருந்தாள். ஆகவே, முதலிற் கண்ட பெயர்க் கட்டத்திலேயே மக்கள் தம் இறந்தோரை ஒவ்வொருவராக எழுதினார்கள்.

வெள்ளி காலைக்குள் பக்கங்களின் வரிசையை மாற்றி, ராஸ்வானை அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

“புரியுது மேடம். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. அந்த ஏழு பேரோட அடையாள அட்டை நகல் வேணும்.”

“அவங்க கல்லறையில இருக்காங்க.”



“எல்லாருமா?”

“எல்லாரும்.”

“அப்படியே எழுதி வச்சுக்கிறேன். ஆனா திறக்குறது என் கையில இல்ல. திங்கக்கிழமைதான் மேலதிகாரிங்க கூடிப் பேசுவாங்க.”

மடத்தில் மெழுகுதிரிப் பணியைப் பார்ப்பவர் அன்னை தெயோஃபானா. செய்தி கேட்டபோது அவர் நினைவுநாளில் பகிர்ந்து கொடுக்கும் கோதுமையை வேகவைத்துக்கொண்டிருந்தார்; கரண்டி பாத்திரத்தில் இடிக்கும் ஒலி தொலைபேசியில் கேட்டது.

“பணம் திங்கக்கிழமைக்கு மேல வரட்டும் மகளே. பேரு நாளைக்கே வேணும்.”

“தராமலே போயிடுவாங்க மதர்.”

“போகட்டும். இங்க வந்து ஏத்துறவங்களுக்கும் நான் காவல் நிக்கிறதில்லையே.”

“இந்த ஒரு பக்கத்துக்குத்தான் குளிர்காலம் பூரா உக்காந்தேன்.”

“தெரியும். நல்ல கதவாத்தான் போட்டிருக்கே. நாளைக்கு ஒரு நாள் திறந்து வை.”

மாதக்கணக்கில் கட்டிய பணப் பக்கத்தைக் கழற்ற அரைமணி நேரம் போதுமாயிருந்தது. கழற்றியபின், பெயர் மடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று தன் பெயரையே சிலமுறை எழுதி அனுப்பிப் பார்த்தாள். போயிற்று. அவுரிகாவை அழைத்து, இனி எழுதலாம் என்றாள். அதன்பின், சோதனைக்கு எழுதியதை அழிக்க வேண்டும் என்ற நினைவே இல்லாமல் மேசையில் தலைசாய்த்தாள்.

சனிக்கிழமை பெயர்கள் ஓயாமல் வந்தன. வாசிலே வந்தார், அவருடைய தாயும் வந்தாள். பிற்பகலில் தெயோஃபானா அழைத்தார்.

“இறந்தோர் தட்டு நிறைஞ்சு போச்சு மகளே. தகரத் தொட்டியில மணலக் கொட்டி அதுலயும் ஏத்திட்டோம். ஒண்ணு கேக்கணும். ஸ்மரான்டான்னு திரும்பத் திரும்ப வந்துச்சு. யாரு இவ்வளவு உருகுறாங்களோன்னு எல்லாத்துக்கும் ஏத்தி வச்சுட்டேன். உன் வீட்டுல யாராவதா?”

“நான்தான் மதர். சோதனைக்குப் போட்டது. அழிக்க மறந்துட்டேன்.”

கன்னியர் பாடுவது தொலைவில் கேட்டது. எதையோ மணலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவது போன்ற மெல்லிய ஒலி வந்தது.

“உசுரோட இருக்கிறவங்க தட்டுக்கு மாத்திட்டேன்,” என்றார். “எல்லாமே எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. நீ போய்ப் படு.”

ஸ்மரான்டா கணினியை மூடாமலே எழுந்து போய்ப் படுத்தாள். திரையில் பெயர்கள் வந்துகொண்டிருந்தன.