ஆமென் வரும் வரை

என் தகப்பனார் தாமிரபரணிக் கால்வாய் ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் உபதேசியாராக இருந்தார். தேவனுக்குப் பிரியமாய் வாழ்வது எப்படி என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர். 'ஆமென்' வருமுன் கண் திறப்பது எங்கள் வீட்டில் களவுக்குச் சமமான பாவம்.

ஒருநாள் காலை ஜெபத்தில் அவர் இலங்கைத் தோட்டக் கூலிகளுக்காக வேண்டி முடித்து பர்மாவுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு விதவை வாசலில் வந்து கதறினாள்.

"உபதேசியாரையா! எம் பசு கால்வாயில விழுந்துட்டு! ஆராவது வாங்களேன்!"

தகப்பனார் குரலை உயர்த்தி பர்மாவைத் தொடர்ந்தார். அம்மா எழுந்து, கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடினாள். ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்துவிட்டு நான் மறுபடி இறுக மூடிக்கொண்டேன். எனக்குப் பதினெட்டு வயது. கை கால் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பக்தியுள்ள பிள்ளை என்று பேர் வாங்கியிருந்தேன்.

பெண்கள் இருவருமாகவே பசுவைக் கரையேற்றினார்கள். அம்மா சேறும் ஈரமுமாகத் திரும்பியபோது தகப்பனார் சீனாவில் இருந்தார். ஆமென் சொன்னதும் சீறினார்.

"ஏட்டி, ஜெபத்துக்கு நடுவுல எந்திரிச்சுப் போறியே, கர்த்தருக்குப் பிரியமா இருக்குமா?"

"அவ கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கலியா? கர்த்தருக்குக் கேட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா சேலை மாற்றப் போனாள்.

மறுநாள் அந்த விதவை ஒரு செம்பு பால் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தாள். தகப்பனார் அதற்காகக் கர்த்தரை நெடுநேரம் ஸ்தோத்திரித்தார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பால் ஆறி ஆடை கட்டிவிட்டது. அதில் இரண்டு டம்ளர் குடித்தவன் நான்.