காதுகுத்துக்குப் போன ஆலோசகர்

மனநல ஆலோசகருக்கும் ஒரு மேற்பார்வையாளர் உண்டு என்றால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். எனக்கு உண்டு. மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து வீடியோவில் வருவார். நான் பார்ப்பவர்களைப் பற்றிப் பெயர் சொல்லாமல் அவரிடம் சொல்ல வேண்டும். நான் தடம் மாறினால் பிடித்து நிறுத்துவது அவர் வேலை.

அந்த மாதம் என் தலைவலி ஒரு வெற்றிலைத் தட்டு. குழந்தை பிறந்ததிலிருந்து சாகத் தோன்றுகிறது என்று ஆஸ்பத்திரிக்கு வந்த நல்லம்பள்ளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, மெல்லத் தேறிக்கொண்டிருந்தாள். மாமியாரிடம் தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் புதன்கிழமைதோறும் வருவாள். "எங்க அத்தைக்குத் தெரிஞ்சா பைத்தியம்னு எங்கம்மா வூட்டுக்கே அனுப்பிருவாங்க மேடம்" என்பாள். அப்படிப்பட்டவள் வெற்றிலை பாக்கு வைத்துக் குழந்தையின் காதுகுத்துக்கு என்னை அழைத்துவிட்டாள். போகாவிட்டால், உன் உறவே வேண்டாம் என்று அர்த்தம். போனால், யார் இந்தம்மா என்று பந்தியே கேட்கும். அவள் குட்டு உடைந்துவிடும்.

"தட்டை வாங்கினப்போ உங்களுக்குள்ள என்ன உணர்வு வந்தது?" என்றார் மேற்பார்வையாளர்.

"பயம் சார். போகட்டுமா வேண்டாமா?"

"அந்தப் பயத்தோட கொஞ்ச நேரம் இருந்து பாருங்க."

இருந்து பார்த்தேன். சிக்னல் போய்விட்டது.

போனேன். பந்தியின் கடைசியில் ஒடுங்கி உட்கார்ந்தேன். குழம்பு வாளியோடு மாமியாரே வந்து நின்றார்.

"யாருங்க நீங்க?"

"தையல் கிளாஸ்ல பழக்கங்க."

அந்தம்மா என் இலையில் இன்னொரு கறித்துண்டை வைத்துக் குனிந்தார். "தையலாவது ஒண்ணாவது. ஆஸ்பத்திரி மேடந்தானுங்களே? ஒரு ஜாக்கெட்டுகூடத் தைக்கலயேன்னு எம் பையன் சந்தேகப்பட்டான். நாந்தான் கடையில ஒண்ணு தைக்கக் குடுத்து, அவ தச்சதுன்னு அவங்கிட்டக் காட்டி வாய அடைச்சேன். எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லிறாதீங்க. கூச்சப்பட்டு வர்றத நிறுத்திப்புடுவா. அவ உசுரோட இருந்தாப் போதுங்க."

அடி ஆத்தாடி! அழுகை முட்டியது. காரம் அதிகம் என்று சமாளித்தேன்.

அடுத்த சந்திப்பில் மேற்பார்வையாளரிடம் துள்ளாத குறையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த அம்மா உங்களை நம்பிச் சொன்னது. அந்தப் பொண்ணுகிட்ட நீங்க சொல்லக் கூடாது" என்றார். முதல்முறையாக நேராக ஒரு பதில் சொன்னார், அதுவும் சரியான பதில். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

புதன்கிழமை அவள் வந்தாள். முகத்தில் நல்ல தெளிச்சி.

"நல்லவேளைங்க மேடம், அத்தைக்கு ஒண்ணுமே தெரியல."

"அத்தை உங்ககிட்ட எப்படி இருக்காங்க?"

"அவுங்களா? கல்நெஞ்சுங்க. நான் இருந்தா என்ன, செத்தா என்ன அவுங்களுக்கு?"

நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "அப்புறம், சொல்லுங்க" என்றேன்.