பண்டாரவளை சலூனில் மூன்று கேசட்டுகள்

சலூன் தொழிலில் ஒரு வசதி: துணி போர்த்தி உட்கார்ந்தவர், பாதி வெட்டிய தலையோடு எழுந்து ஓடமாட்டார். தங்களுக்குப் பிடித்த பாட்டை ஊருக்கே பிடிக்க வைக்கப் புறப்பட்டு அவதிப்பட்டவர்களே, இந்த வசதியை வைத்து நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கங்காணியின் கவலை

தொண்ணூறுகளின் நடுவில், பக்கத்து ஊரான எல்லவுக்குச் சுற்றுலா வந்த வெள்ளைக்காரர் ஒருவர் என் கடையில் மொட்டை போட்டுக்கொண்டு மூன்று கேசட்டுகளை மறந்துவிட்டுப் போனார். ஒன்று ப்ளூஸ், ஒன்று சோல், ஒன்று ரெகே; மூன்றும் கறுப்பின மக்களின் பாட்டு வகைகள். ஒரு மாதம் காத்திருந்தேன். அவர் வரவில்லை. நான் அந்தப் பாட்டுகளுக்கு அடிமையாகிவிட்டேன்.

அதுவரை கடையில் சினிமாப் பாட்டுதான். முதன்முதலாக ப்ளூஸ் போட்ட அன்று நாற்காலியில் இருந்தவர் ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவர். கேசட்டில் ஒற்றைக் கிட்டாரோடு ஒரு கிழவர் முனகினார். கங்காணி முகத்தில் சோப்பு நுரையோடு பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்தார்.

"தம்பி, மொதல்ல அந்தாளுக்கு என்ன வருத்தம்னு கேட்டு மருந்து வாங்கிக் குடு, பொறவு எனக்குச் சவரம் பண்ணலாம்."

ஒரு பக்க மீசை

ரெகேயில் தாளம் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் விழாது. ஒரு எட்டு தள்ளி விழும். இடுப்பு அதைப் புரிந்துகொள்ளும், கத்தி புரிந்துகொள்ளாது. இதை நான் கற்றது யாழ்ப்பாணத்து கிளார்க் ஒருவரின் முகத்தில். மறுநாள் பெண் பார்க்கப் போகிறார், மீசையை ஒதுக்கிவிடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஆடிக்கொண்டே ஒதுக்கினேன்.

அவர் கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தபோது ஒரு பக்க மீசை இல்லை. மறு பக்கத்தையும் நானே எடுத்துவிட்டேன், வேறு வழி? எழுந்து போகும்போது சொன்னார்.

"தம்பி, பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா நாளைக்கு அந்தப் பிள்ளை என்னை வேண்டாமெண்டால், உம்மைத்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவன்."

விளக்கவுரை

பிறகு ரசனையை வளர்க்க விளக்கம் சொல்லத் தொடங்கினேன். எனக்கு ஆங்கிலம் தெரியாது. குரலை வைத்தும் பேப்பரில் எப்போதோ படித்ததை வைத்தும் நானே அர்த்தம் கட்டிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை நிறைய ஆட்கள், ப்ளூஸ் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக அந்தப் பாடகரின் முன்னோர் பட்ட அடி, தேயிலைத் தோட்டத்து லயங்களில் நம் சனம் பட்ட பாடு என்று இரண்டையும் சேர்த்துப் பேசினேன். ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் செல்வம். எல்லவில் வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டி. ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. மெதுவாகப் பேப்பரை மடித்தார்.

"அண்ணே, நீங்க சொல்றதெல்லாம் உண்மைதான், ஆனா இந்தப் பாட்டுல அவரு புதுச் சப்பாத்து காலைக் கடிக்குதுன்னுதான் பாடுறாரு."

மொட்டை போட வந்தவர்

அதோடு விளக்கவுரையை நிறுத்தினேன். சில வாரம் கழித்து, தேயிலை பேக்டரியில் வேலை செய்யும் ஒருவர் அப்பாவின் கருமாதிக்காக மொட்டை போட வந்தார். துக்க வீட்டுக்காரராயிற்றே என்று ப்ளூஸை நிறுத்தப் போனேன். இருக்கட்டும் என்றார். பாதித் தலை முடிந்தபோது, என்ன பாடுகிறார் என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. தெரியாது என்றேன்.

அவர் தலை குனிந்தபடியே சொன்னார்.

"பரவால்லீங்க, அப்பா போனதுலருந்து எனக்கு வராத அழுகைய அவராச்சும் அழுவுறாரே, ஓடட்டும்."

இத்தனை வருஷம் ஊருக்குப் பாட்டுக் கேட்கக் கற்றுக்கொடுத்ததில், வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்க நான்தான் கற்றுக்கொண்டேன்.