அடக்கத்துக்கு முன் வரவேண்டிய லைன்

இன்டர்நெட் ஓடும்வரை நம்மை ஒருவருக்கும் தெரியாது. நின்றால் ஊருக்கே நம் போன் நம்பர் மனப்பாடம். இந்தப் பிழைப்பில் கிடந்து அல்லாடுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தூத்துக்குடியில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் ரவுட்டர் பார்ப்பவள் நான். கீழே சொல்வதெல்லாம் ஒரே லைனைப் பற்றியது.

பச்சை

காலையில் ரோட்டில் பள்ளம் தோண்டியவர்கள், இதுவரை எங்களுக்கு இன்டர்நெட் தந்த பெரிய கம்பெனியிடமிருந்து வரும் கேபிளை அறுத்துவிட்டார்கள். செல்போன் டவரும் பாதி படுத்துவிட்டது. பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும், படம் வராது. வேம்பாரிலிருந்து எங்கள் வாடிக்கையாளர் ரோஸி அக்கா கூப்பிட்டார். அவருடைய அப்பா இறந்துவிட்டார், மாலையில் அடக்கம். தம்பி சரக்குக் கப்பலில், நடுக்கடலில் இருக்கிறான்; கப்பலில் சாட்டிலைட் நெட் உண்டு. வீடியோவில்தான் அப்பா முகத்தைப் பார்க்க முடியும்.

மாற்றாக எடுத்திருந்த புது கம்பெனியின் லைன் வந்து சும்மா கிடந்தது. லினக்ஸ் போட்ட சாதாரண கம்ப்யூட்டர்தான் எங்கள் ரவுட்டர். எங்கள் முகவரிகள் எவை என்று அது புது கம்பெனியின் ரவுட்டருக்குச் சொல்ல வேண்டும். உலகத்துக்குப் போகும் வழிகளை அந்த ரவுட்டர் இதற்குச் சொல்லும். செட்டிங் போட்டேன். இணைப்பு பிடித்தது, திரையில் பச்சையும் விழுந்தது, ஆனால் ஒரு வழிகூட உள்ளே வரவில்லை. எதை வாங்கலாம், எதைக் கொடுக்கலாம் என்று தனியாக எழுதித் தரும்வரை எங்கள் ரவுட்டரில் ஓடும் மென்பொருள் எதையும் ஏற்காது. பின்னால் நின்ற முதலாளி அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "சம்பந்தி வீட்டுக்காரன் வந்து வாசல்லயே நிக்கான்னு சொல்லுத. உள்ள கூப்பிடு ஏளா."

பேர்

அந்த அனுமதியை எழுதியதும் வழிகள் மளமளவென்று வந்தன. ஆனாலும் வேம்பாரில் ஒன்றும் திறக்கவில்லை. இங்கிருந்து போவது போகிறது, பதில் திரும்பவில்லை. எங்கள் முகவரிகளை நாங்கள் சொன்னோம்; புது கம்பெனி அதை வெளியே சொல்லவில்லை. சென்னையில் அவர்களுடைய இன்ஜினியரைப் பிடித்தேன். அனுமதிப் பட்டியலில் நீங்கள் இன்னும் ஏறவில்லை, நாளைக்குத்தான் ஆகும் என்றார்.

அடக்கத்தைச் சொன்னேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. எனக்கே வெட்கமாக இருந்தது. பிறகு, அவசரம் என்று மேலதிகாரிக்கு எழுதுகிறேன் என்று சொல்லிப் பேர் கேட்டார். நான் இறந்தவர் பேரைச் சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "உங்க கம்பெனி பேர் மேடம்."

பெட்டி

வேம்பாரில் கோயிலை ஒட்டியே கல்லறைத் தோட்டம். கோயிலில் நாங்கள் வைத்திருக்கும் வைஃபை அங்கே எட்டும். பூசை முடிந்தும் பெட்டியை மூட விடாமல் ரோஸி அக்கா மன்றாடிக்கொண்டிருந்தாராம். பொழுது சாய்ந்ததும், இனித் தாங்காது என்று பெரியவர்கள் மூடி ஆணி அடித்துவிட்டார்கள். பெட்டி குழிக்குள் இறங்கிய பிறகுதான் லைன் வந்தது. போனைக் குழிக்கு நேரே பிடித்துக்கொண்டு, தம்பி பேரைச் சொல்லி அக்கா ஒரு பிடி மண் போட்டிருக்கிறார்.

மறுநாள் அக்காவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவர் சொன்னார்: "மொகத்தப் பாக்கலதான் தங்கச்சி. குழியையாவது பாத்தாம்லா. இல்லன்னா லீவுல வாரப்போ, அப்பா வீட்டுல இருக்காவன்னே நெனச்சு வருவான்."

லைன் வந்துவிட்டது என்று திரை பச்சையாகக் காட்டும். நேரத்துக்கு வந்ததா என்று காட்டுகிற திரையை நம் தொழிலில் இன்னும் யாரும் செய்யவில்லை.