தனியே மிதந்த பாறை

பள்ளிச் சமையற்கூடத்தில் ஓய்வு பெறும்வரை உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஓதில் லெகானு, கையில் மிஞ்சிய காசையெல்லாம் இரட்டைக் கண் கேமராக்களில் போட்டார். நம் கண்களுக்கிடையே உள்ள இடைவெளியிலேயே இரண்டு லென்சுகள் பொருத்திய பழைய பித்தளைப் பெட்டிகள் அவை. ஒரே சொடுக்கில் இடக்கண் படம் ஒன்றும் வலக்கண் படம் ஒன்றும் விழும். இரண்டையும், கண்ணுக்கொரு கண்ணாடித் துளை கொண்ட பார்வைப்பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் செருகிப் பார்த்தால், மேசைமேல் இருக்கும் சீசா கையை நீட்டினால் எட்டிவிடும்போல முன்னால் வந்து நிற்கும். படுக்கையறை அலமாரிகள் நிரம்பிய பிறகு குளியலறை ஜன்னல் விளிம்பிலும் கேமராக்கள் ஏறின. எங்கள் வல்மேர் கிராமத்தில் அவரைப் பைத்தியம் என்று யாரும் சொன்னதில்லை. நார்மண்டிக் கடற்கரையில் ஆளுக்கொரு கிறுக்கு இருக்கும்.

வேலை செய்யாத கேமரா அலமாரியில் ஏறக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஆகவே பழுது பார்த்த ஒவ்வொரு கேமராவையும் படகுத்துறைக் கல்பாலத்தின் முனைக்குக் கொண்டுபோய், கயிறு கட்டும் இரும்புக் குற்றியின்மேல், தாமே கீறி வைத்த அடையாளத்தில் பொருத்தி ஒரு படம் எடுப்பார். எதிரே தெரிவது எப்போதும் ஒன்றுதான்: வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையும், அதன் உச்சியில் அவர் பிறந்த வீடும். அந்த வீட்டில் அண்ணன் ரெமி தனியாக வசித்தார். படகு எஞ்சின்களைப் பழுது பார்த்தே காலம் கழித்தவர்.

நவம்பரில் ஒரு நாள், வசந்த காலத்தில் சோதித்த கேமரா ஒன்று மறுபடி மக்கர் செய்ததால், அதைச் சரிசெய்து மீண்டும் ஒரு படம் எடுத்தார் ஓதில். மேசைமேல் பழைய படமும் புதிய படமும் இரண்டிரண்டாக வெட்டிக் கிடந்தன. கை தவறி, வசந்தத்தின் இடக்கண் படத்தையும் நவம்பரின் வலக்கண் படத்தையும் ஒரே சட்டத்தில் செருகிவிட்டார். இந்தப் பொழுதுபோக்கில் எல்லாரும் செய்யும் தவறுதான்.

பார்வைப்பெட்டியில் கண் வைத்தவர் சட்டென்று எடுத்துவிட்டு, மறுபடி வைத்தார்.

அவ்வளவு தொலைவிலுள்ள பாறை, இரட்டைப் படத்திலும் தட்டையாகவே தெரியும். இரு லென்சுகளின் சிறிய இடைவெளி அந்தத் தூரத்துக்குப் போதாது. ஆனால் இப்போது பாறையில் ஒரு துண்டு மட்டும் மற்றதிலிருந்து பிரிந்து, முன்னால் வந்து மிதந்தது. அதன் ஓரம் கோழிக்கூட்டின் பின்புறம் தொடங்கி, வீட்டின் குறுக்கே ஓடி, புகைபோக்கியை ஒட்டி இறங்கியது. சமையலறை முழுவதும் அந்தத் துண்டின் மேல் இருந்தது.

சட்டத்தைக் கழற்றி, வசந்தப் படங்களை மட்டும் சேர்த்துப் பார்த்தார், தட்டை. நவம்பர்ப் படங்களை மட்டும் சேர்த்தார், அவையும் தட்டை. காலங்களைக் கலந்தபோது துண்டு மறுபடி மிதந்தது. கேமராவைத் தாமே ஒரு விரல் தள்ளி வைத்திருந்தால் மொத்தப் பாறையும் நகர்ந்திருக்கும். ஒரு துண்டு மட்டும் மிதந்தால், வசந்தத்துக்குப் பிறகு அந்தத் துண்டே பாறையிலிருந்து பிரிந்து நகர்ந்திருக்கிறது என்று பொருள். தாம் தவறியிருக்க வேண்டும் என்று அவர் எவ்வளவோ விரும்பினார். தவறு எதுவும் அகப்படவில்லை.

நகராட்சியில் தொலைபேசியை எடுத்த பெண் பொறுமையாகவே பேசினாள். "புத்தாண்டு முடிஞ்சதும் ஆய்வாளர் வருவார் மேடம். விரிசல் ஏதாவது கண்ணுக்குத் தெரியுதா?"

"வெறும் கண்ணுக்குத் தெரியாதும்மா."

"அப்ப எழுதி அனுப்புங்க மேடம்."

ஞாயிறு மதியம் பார்வைப்பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓதில் அண்ணன் வீட்டு மேட்டில் ஏறினார். ரெமி சமையலறையில் ஆப்பிள் மதுவில் முயல் கறியைக் கொதிக்க விட்டிருந்தார்.

"வா வா. பைக்குள்ள என்ன? இன்னொரு பொம்மையா?"

"ரெமி, பேசாம இதுல பாரு."

ரெமி கண் வைத்தார். வெகு நேரம் பார்த்தார். "நம்ம வீடு. அதுக்கென்ன இப்போ?"

"முன்னாடி ஏதாவது துருத்திக்கிட்டு நிக்குதா?"

"உன் மூக்குதான் துருத்திக்கிட்டு நிக்குது."

அப்போதுதான் ஓதிலுக்கு உறைத்தது. ரெமிக்குச் சிறு வயதிலிருந்தே மாறுகண். இடக்கண் பெயருக்குத்தான் இருந்தது. ஒரு கண்ணால் பார்ப்பவருக்கு ஆழம் தெரியாது. தம்மிடம் இருந்த ஒரே சான்றை, அதைப் பார்த்தாக வேண்டிய ஒரே மனிதரால் பார்க்க முடியவில்லை.

வாயால் சொல்லிப் பார்த்தார். கோடு எங்கே ஓடுகிறது என்பதைத் தரையில் விரலால் காட்டினார். ரெமி கரண்டியை நக்கியபடி கேட்டார்.

"அப்பா போனாரு, அம்மா போனாங்க, யுத்தத்துல குண்டு போட்டாங்க, இந்தப் பாறை அசையல. இப்ப நீ சந்தையில வாங்கின ஓட்டை டப்பா அசைச்சிருச்சா?"

"என் வீட்டுக்கு வந்துடு. ஆய்வாளர் வர்ற வரைக்கும்."

"உன் குளியலறையில கேமராதான் குளிக்குது. நான் எங்க குளிக்கிறது? போடி பயந்தாங்கொள்ளி. சின்ன வயசுலயே பாறை ஓர வேலி பக்கம் வரமாட்ட."

அது உண்மை. அந்த உச்சியில் நின்றாலே ஓதிலுக்கு உள்ளங்கால் கூசும். கீழே அலை மோதும் அதிர்வு தரை வழியாக நாற்காலிக்கு ஏறி வந்தது. எழுந்து ஓடிவிட வேண்டும் என்று உடம்பு முழுவதும் கெஞ்சியது. ஆனால் அவர் நாற்காலியைக் கடல் பக்க ஜன்னலுக்கு அருகில் இழுத்துப் போட்டு, மேசை விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"என்ன பண்ற?"

"நீ கிளம்புற வரைக்கும் நானும் இங்கதான், கிழவா."

ரெமி சிரித்தார். தட்டில் கறியைப் போட்டுத் தங்கை முன் வைத்தார். ஓதில் தொடவில்லை. ஒவ்வோர் அலைக்கும் அவருடைய இமைகள் இறுகின. மேலுதடு வியர்த்திருந்தது, கை நகங்கள் வெளுத்திருந்தன. ரெமி இரண்டு கவளம் தின்றார். மூன்றாவது இறங்கவில்லை. பார்வைப்பெட்டியில் தமக்குத் தெரியாததை அவர் தங்கையின் முகத்தில் பார்த்தார்.

"சரி, எந்திரி. உன்னோட பெரிய ரோதனை."

தெருவுக்கு வந்ததும், "கறிச் சட்டி!" என்று திரும்பி உள்ளே ஓடினார். அவர் வெளியே வரும்வரை ஓதில் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ரெமி கேமராக்களுக்கு நடுவே தூங்கினார். மறுநாள் பகலில் மேட்டுக்குப் போய்க் கோழிகளைப் பிடித்து வந்தார். வேறொன்றுக்கும் போக ஓதில் விடவில்லை. ஆய்வாளர் வந்தார், வேலியோரம் நடந்தார், உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். பாறை நின்றுகொண்டே இருந்தது. ஈஸ்டருக்கு வீடு திரும்பப் போவதாக ரெமி அறிவித்தார். அதன் பிறகு ஓதிலின் பயம் வேறு முகம் கொண்டது. விடியற்காலையில் கல்பாலத்துக்குப் போகும்போதெல்லாம், தாம் பிறந்த வீடு இன்றைக்காவது விழுந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்ளத் தொடங்கினார்.

"விழுந்துச்சா?" என்று ரெமி தினமும் கேட்பார். அது அவருடைய காலை வணக்கம்.

"இன்னும் இல்ல."

ஒருநாள் ரெமி காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "என்னடி, விழலையேன்னு வருத்தப்படுற மாதிரி சொல்ற?"

ஓதில் மறுக்கவில்லை. "ஆமா. நீ அதுல இல்லாதப்பவே விழுந்து தொலையட்டும்."

ரெமி கத்தியை எடுத்து உருளைக்கிழங்குத் தோலைச் சீவத் தொடங்கினார். மறுநாள் காலை அவர் எதுவும் கேட்கவில்லை. ஈஸ்டர் வந்தது. கட்டிலடியில் கிடந்த தம் துணிப்பெட்டியை ரெமி வெளியே எடுக்கவில்லை.