ஒரு வீடும் விடாத அழைப்பு

மரகதத்துக்கு நாலு பேர் முன்னால் பேச்சு எழாது. ஆனால் ஜெர்சி சிட்டியில் தன் தெருக்காரர்களை ஜன்னல் வழியே பார்த்தே பழகியிருந்தாள். எதிர்வீட்டு நோரா ஐரிஷ் வம்சம். மார்ச் மாதத் திருநாளில் பச்சை உடுத்தி ஐரிஷ்காரர்கள் போகும் ஊர்வலத்துக்கு வரவர ஆள் குறைந்துகொண்டிருந்தது. முழங்கால் வலியால் நோராவுக்கு அலைய முடியவில்லை. தெருவில் மிச்சமிருந்த நாலைந்து ஐரிஷ் வீடுகளுக்குச் சொல்லிவிட்டு வரும்படி மரகதத்திடம் கேட்டார்.

நாமக்கல்காரி மரகதம் குங்குமமும் கற்கண்டும் தட்டில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். கறுப்பர், குஜராத்தி, பிலிப்பைன்ஸ்காரர் என்று ஒரு வாசல் பாக்கியில்லை.

மகன் ரஞ்சித்குமார் தலையில் கைவைத்தான். “அம்மா, ஐரிஷ்காரங்களத்தானே கூப்பிடச் சொன்னாங்க?”

“வரிசையாப் போறப்ப நடுவுல ஒரு வீட்ட விட்டா, நாளைக்கு அவங்க மூஞ்சில எப்படிடா முழிக்கிறது?”

ஊர்வலத்தன்று தெருவே திரண்டு நின்றது. கிளிப்பச்சைப் பட்டில் மரகதத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போதுதான் நோராவின் தம்பியும் ஊர்வலத் தலைவருமான பிரெண்டன் வேறு ஊரிலிருந்து வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. இது ஐரிஷ்காரர் ஊர்வலம், மற்றவர்கள் ஓரமாக நின்று பார்க்கலாம் என்றார். முன்வரிசையில் நின்ற கறுப்பர் டாயிலைப் பார்த்துத்தான் சொன்னார்.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டாயில் சிரித்தார். “டாயில்ங்கிறது உங்க ஐரிஷ் பேர்தானே? அடிமையா இருந்த எங்க தாத்தாவோட தாத்தாவுக்கு அத வச்ச எசமான் உங்க ஆளு. எங்களக் கேட்டுட்டா வச்சான்?”

அந்தக் காலத்தில் ஐரிஷ்காரனுக்கு வேலையில்லை என்று கடை வாசலில் போர்டு மாட்டிய கதையைத் தம்பிக்கு நோரா நினைவூட்டினார். பிரெண்டன் மசியவில்லை. டிரம்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். கூப்பிட்டு வந்த சனம் திரும்பிப் போனால் மரகதம் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியுமா?

அவள் பிரெண்டனைக் கூர்ந்து பார்த்தாள். பார்த்துப் பழகிய முகமாகத்தான் இருந்தது. முறையாக அழைக்கவில்லை என்று கல்யாண வாசலில் முறுக்கிக்கொண்டு நிற்கும் பங்காளி முகம். அடடா, வெளியூர்க்காரரை யாருமே அழைக்கவில்லையே!

வீட்டுக்குள் ஓடிக் கற்கண்டுத் தட்டை எடுத்துவந்து அவர் முன் நீட்டினாள். இருந்த கொஞ்ச இங்கிலீஷும் மறந்துபோயிற்று. “கோவிச்சுக்காதீங்கண்ணா, நீங்களும் கண்டிப்பா வரணும்.”

ரஞ்சித்குமார் கூசிக்கூசி மொழிபெயர்த்தான். தன் ஊர்வலத்துக்குத் தன்னையே அழைத்தவளைப் பார்த்து பிரெண்டன் திகைத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கற்கண்டை எடுத்து வாயில் போட்டார். நோராவுக்குச் சிரிப்பு வெடித்தது. அது டாயிலுக்குத் தொற்றி, தெரு முழுக்கப் பரவி, கடைசியில் பிரெண்டனையே குலுக்கியெடுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் நடக்கலாம் என்று கையசைத்தார்.

முதல் முக்குத் திரும்புவதற்குள், அயர்லாந்தில் டாயில்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று அவரும் டாயிலும் உரக்க வாதாடத் தொடங்கியிருந்தார்கள்.