அப்பாவிடம் சொல்லாத பதில்

இன்று காலை வெளிநாட்டு விமானக் கம்பெனிக்கு, "என்னால் வர முடியாது" என்று மெயில் அனுப்பிவிட்டேன்.

ஆசைப்பட்டுப் படித்த பைலட் வேலைதான். ஆனால் அவர்கள் தரும் பயிற்சிக்கு ஈடாகப் பல வருடம் அங்கேயே இருப்பதாகக் கையெழுத்துப் போடவேண்டும். அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக என்னைவிட்டால் யாருமில்லை.

மதியம் தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து மொரப்பூர் பஸ்ஸில் திரும்பினோம். துவண்டுபோயிருந்த அப்பா, கண்டக்டரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எம் பொண்ணு வெளிநாட்டுல பிளேன் ஓட்டப் போவுதுங்க."

"அப்படிங்களா! எப்பம்மா கெளம்பறீங்க?"

அப்பா முந்திக்கொண்டார். "அடுத்த மாசங்க. அதுக்குள்ள நானே தனியா ஆஸ்பத்திரி போய்வரப் பழகிக்குவேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை நிற்கவில்லை.

பக்கவாட்டில் அடிக்கும் காற்றிலும் விமானத்தை இறக்கத் தெரியும். வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டதை அவரிடம் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.